விருந்துக்காரியின் தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு விருந்துக்காரி என்று பெயர். முதலில் கூப்பிட்டது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் பொருத்தமாகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வாடிப்போன செடியிலும் அழுகின வேரிலும் இருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, வளர்த்துப் பார்த்து, இது இன்னது, இதனால் இவ்வளவு ஆபத்து என்று சொல்வதுதான் அங்கே வேலை. வளர்க்க வேண்டுமென்றால் சாப்பாடு போட்டாக வேண்டும். மற்றவர்கள் தராசில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கஞ்சத்தனமாக அளப்பார்கள். இவள் கை தாராளம். சர்க்கரையில் ஒரு கரண்டி கூட, ஈஸ்ட் சாற்றில் ஒரு சிட்டிகை கூட. "பாவம், எங்கேயோ செத்த வேர்ல கிடந்துட்டு வந்திருக்கு. நல்லா சாப்பிடட்டுமே" என்பாள். அடுத்தவர்கள் தட்டில் கிருமி கண்ணைத் திறப்பதற்குள் இவள் தட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

நீச்சல் சோதனை என்று ஒன்று உண்டு. தட்டில் ஜெல்லியைக் கெட்டியாக ஊற்றாமல் தளதளவென்று ஊற்றி, நடுவில் ஊசியால் கிருமியைக் குத்திவைப்பார்கள். நீந்துகிற கிருமி என்றால் நடுவிலிருந்து வட்டமாகப் பரவும். நீந்தாதது என்றால் குத்தின இடத்தில் பொட்டு மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் போய் அடுத்த தோட்டத்தைக் கெடுக்குமா கெடுக்காதா என்று கணிக்க இந்தச் சோதனையைத்தான் முதலில் பார்ப்பார்கள். இந்தத் தட்டுக்குச் சாப்பாடு மிகமிகக் குறைவாகத்தான் போட வேண்டும் என்பது விதி. பட்டினித் தட்டு என்றே சொல்வார்கள். பட்டினி கிடக்கிற கிருமி மெதுவாகத்தான் பெருகும், விடை தெரியப் பல நாள் ஆகும். அத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருக்க விருந்துக்காரிக்குப் பொறுமை ஏது? விதிப்படி பட்டினித் தட்டு ஒன்று வைப்பாள். பக்கத்திலேயே, தன் திருப்திக்கு, சாப்பாடு நிறையப் போட்டு இன்னொரு தட்டு. மறுநாள் காலையில் அதைப் பார்த்தே விடையைச் சொல்லிவிடுவாள். பட்டினித் தட்டும் பின்னாடியே வந்து ஆமாம் போடும். வழக்கமாக வருகிற அழுகல் கிருமிகளில் இது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அதனால் அவளுக்கு அது சோதனை என்பதே மறந்து, கண்ணால் கண்ட சத்தியம் என்று ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரு தம்பி. தக்காளி போடுகிறவன். மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்ட குடில்கள் வரிசையாக இறங்கும். மேலே ஒரு பொதுத் தொட்டி, அதிலிருந்து ஒரே குழாய், எல்லாக் குடிலுக்கும் அதே தண்ணீர். தம்பியின் குடில் மேலிருந்து இரண்டாவது. கையில் இருந்ததையெல்லாம் கொட்டி, அவனும் பெண்டாட்டியும் தங்கள் கையாலேயே குழாய் மாட்டி, கம்பி கட்டி எழுப்பின குடில். அதை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்தப் பருவத்தில் தொட்டிக்குப் பக்கத்துக் குடிலில் தக்காளி திடீரென்று வாடிச் சாய்ந்தது. இலை பச்சையாகவே இருக்கிறது, செடி மட்டும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று குடில்காரர்கள் சங்கத்தில் பயந்துபோய், தொட்டியை மூடி, தண்ணீரையும் தண்டையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அறிக்கை வருகிற வரைக்கும் வால்வைத் திறக்கக் கூடாது என்று முடிவு. வால்வுச் சாவி முறை வைத்து ஒவ்வொருவரிடமும் இருக்கும். அப்போது தம்பியின் முறை.

சாவி கையில், நாற்று ட்ரேயில். அவன் போன் போட்டுப் போட்டு அக்காவின் காதைத் தேய்த்துவிட்டான்.

"என்னக்கா ஆச்சு?"

"டேய், மாதிரி இப்பதான்டா வந்திருக்கு. கிருமி என்ன உன் மச்சானா, கூப்பிட்டதும் எழுந்து ஓடியாற?"

"கிண்டல் பண்ணாதக்கா. நாத்தெல்லாம் மஞ்சளாகுது. வேர் ட்ரேக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கிடக்கு. இன்னும் ரெண்டு நாள் போனா அள்ளிக் குப்பையில கொட்ட வேண்டியதுதான்."

அவன் குரலில் அழுகை ஒளிந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே இவன் குரல் இப்படி உடைந்தால் அவளால் தாங்க முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு தட்டும் ஊற்றினாள். விதிக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. தம்பியின் தட்டில் வழக்கத்தைவிடத் தாராளம். சீக்கிரம் விடை வரட்டும் என்ற அவசரம்.

மறுநாள் காலையில், தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கிற இன்குபேட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நிறைசோற்றுத் தட்டில், குத்தின இடத்தில், வெள்ளையாக, கொழுகொழுவென்று ஒரு பொட்டு. அதைத் தாண்டி ஓர் இழைகூட நகரவில்லை. பட்டினித் தட்டில் இன்னும் ஒன்றுமே தெரியவில்லை. அது எப்போதுமே அப்படித்தானே, சோம்பிப்போய்த்தான் வரும் என்று ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"நீந்தலைடா" என்றாள் போனில். "உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்திருக்கு. சுத்த சோம்பேறி."

"அப்ப தண்ணியில பரவாது?"

"நீந்தத் தெரியாதது எப்படிடா பரவும்? மேல் குடில்காரர் கத்தியைக் கழுவாம ஒவ்வொரு செடியா வெட்டியிருப்பார், அதுல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும்."

"திறக்கலாமா? சரியா சொல்லு."

இந்த இடத்தில் அவள் ஒரு நொடி நின்றாள். நிற்கத்தான் நின்றாள். ஆனால் தம்பியின் மூச்சு போனில் கேட்டுக்கொண்டிருந்தது. "திற" என்றாள். "அறிக்கை வர நாளாகும். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே. எங்க மேலதிகாரி அம்மாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவாங்க."

"என் வாயில இருந்து வராதுக்கா" என்றான். அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி "அண்ணி, நீங்க நல்லா இருக்கணும்" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது. அவளும் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தம்பி வால்வைத் திறந்தான். ஒரே குழாய், இவனுக்குப் போகிற தண்ணீர் கீழே எல்லாருக்கும் போகும். கீழ்க் குடில்காரர்கள் ஓடிவந்து கேட்டதற்கு, "தைரியமா விடுங்க, எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னான். அவர்கள் நாற்றும்தான் ட்ரேயில் செத்துக்கொண்டிருந்தது. நம்ப வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தவர்கள் உடனே நம்பினார்கள்.

சில நாள் கழித்து, வேறு ஏதோ எடுக்கப் போனவள், பட்டினித் தட்டைத் தற்செயலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நடுவில் கொழுத்த பொட்டு எதுவும் இல்லை. தட்டின் விளிம்பு வரைக்கும், பனி படிந்த கண்ணாடி மாதிரி, மெல்லிசாக ஒரு வட்டம். நீந்தி நீந்திக் கரையைத் தொட்டிருந்தது.

இருக்காது, இருக்கவே இருக்காது என்று முனகிக்கொண்டு மைக்ராஸ்கோப்பிடம் ஓடினாள். நிறைசோற்றில் வளர்ந்ததில் ஒரு துளி. ஒன்றும் அசையவில்லை, எல்லாம் கூட்டமாக, வழவழவென்ற சளிக்குள் படுத்துக் கிடந்தன. அதே கிருமியை வெறும் தண்ணீரில் போட்டுப் பட்டினி கிடக்கவிட்டுப் பிறகு ஒரு துளி எடுத்து வைத்தாள். கண்ணை நிறுத்தமுடியவில்லை. கண்ட திசையெல்லாம் சர் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. சோம்பேறிக் கிருமி என்று ஒன்று இல்லை. வயிறு நிறைந்த கிருமிதான் இருந்தது. சாப்பாட்டைக் கொட்டி, நகரவே வேண்டாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு, இது நகராது என்று சத்தியம் செய்திருக்கிறாள். தொட்டித் தண்ணீரில் சர்க்கரையா இருக்கிறது, ஈஸ்ட் சாறா இருக்கிறது? அங்கே வெறும் தண்ணீர். அங்கே அது பசியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

"மூடுடா! வால்வை மூடு!"

"நட்டாச்சேக்கா" என்றான் தம்பி. "எல்லாரும் நட்டாச்சு. நாத்து நிமிர்ந்து ஜம்முனு நிக்குது. ஏன், என்ன?"

என்ன என்று அவள் சொன்னாள்.

போன வருஷம் ஒரு நாள் வேடிக்கையாக அவனுக்கு இதையெல்லாம் விளக்கியிருக்கிறாள். அன்றைக்கு வாயால் சொன்னதைத் தன் தட்டோடு பொருத்திப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றாமல் போயிற்று. பசியோடு தனியாக இருக்கிறபோது கிருமி நீந்தும். வேரின் வாசனை பிடித்து உள்ளே போகும். தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற நரம்பில் இடம் பிடித்துச் சாப்பிட்டுப் பெருகும். அப்புறம் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பிக்கும். வாயால் இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் கசியவிடும், அது சுற்றிலும் கெட்டியாகச் சேர்ந்தால், நாம் இப்போது பெரிய கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். தெரிந்த உடனே நீந்துவதை நிறுத்திவிட்டு, எல்லாம் சேர்ந்து சளியைக் கக்கும். நரம்பு அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறாது. காலடியில் தண்ணீர் நிற்க, செடி தாகத்தில் சாகும். அன்றைக்கு இதைக் கேட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அட, எங்க சங்கக் கூட்டம் மாதிரியே இருக்கேக்கா! தனித்தனியா பார்த்தா எல்லாரும் நல்லா ஓடுவாங்க, ஒண்ணா உட்கார்ந்தா ஒரு வேலை நடக்காது" என்றான்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பூ வைக்கிற சமயத்தில் செடிகள் மத்தியானத்தில் தலை சாய்ந்தன. சாயங்காலம் நிமிர்ந்தன. பார்த்த தம்பிக்கு நப்பாசை. உரம் பத்தவில்லையோ என்று தண்ணீரில் உரத்தை இரட்டிப்பாகக் கரைத்துவிட்டான். பிறகு சாயங்காலமும் நிமிரவில்லை.

அவள் போய்த்தான் பார்த்தாள். ஒரு தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாயை அதில் தொங்கவிட்டாள். சற்று நேரத்தில் பால் இழை மாதிரி வெள்ளையாக ஒன்று தண்டிலிருந்து இறங்கியது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுவாக்கா?" என்றான். "ஆமா" என்றாள். தம்பி பெண்டாட்டி தம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு வந்தாள்.

தம்பியின் குடிலில் இருந்து கடைசிக் குடில் வரைக்கும் எல்லாவற்றிலும் செடியை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். பச்சைச் செடி எங்கே எரியும்? புகைந்து புகைந்து சரிவு முழுக்கக் கண்ணைக் கரித்தது. மண்ணில் கிருமி தங்கிவிட்டது. இனி பல வருஷத்துக்கு அங்கே தக்காளி என்ற பேச்சே கிடையாது. கீழே கடைசிக் குடிலில் இருந்த கிழவர் கூரை பிளாஸ்டிக்கைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு போனார்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், கத்துகிற மின்விசிறி, ஆய்வுக்கூடத்தின் சார்பில் விளக்கம் சொல்ல விருந்துக்காரி. சங்கத் தலைவர் எழுந்து அறிக்கையை வாசித்தார். நீந்தும் தன்மை மிக அதிகம், தண்ணீரால் பரவும், தொட்டியைத் திறக்கவே கூடாது. பட்டினித் தட்டின் விடை. கீழே அவள் கையெழுத்து.

"ஆய்வுக்கூடம் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் தலைவர். "அது வர்றதுக்குள்ள இந்தத் தம்பிக்கு என்ன அவசரம்? ஏன்யா திறந்தே?"

"நாத்து கெட்டுப்போகுதேன்னு திறந்துட்டேங்க."

"உன் அக்காதானே அங்க இருக்காங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேன்" என்றான் தம்பி. "அறிக்கை வரட்டும், பொறுடான்னாங்க. நான்தான் கேக்கல."

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் இழுபட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். தம்பி மட்டும் திரும்பவில்லை. நேரே பார்த்தபடியே, சின்னக் குரலில் சொன்னான்:

"உட்காருக்கா."

அவள் உட்கார்ந்தாள்.

அடிப் பாவி, ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவளும் பிற்பாடு தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டாள். தம்பி சொன்னானே என்று உட்கார்ந்தேன் என்று ஒரு பதில் வைத்திருந்தாள். அதற்கு அடியில் வேறு பதில்கள் கிடந்தன: மேலதிகாரி அம்மாவின் முகம், மாதம் பிறந்தால் வருகிற சம்பளம், இத்தனை வருஷத்து நல்ல பெயர். அவற்றை அவள் புரட்டிப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிவு செய்தது. தம்பியின் குடிலுக்குப் பிரிகிற கிளைக் குழாயை அறுத்துவிடுவது. பொதுத் தொட்டியைக் கழுவித் திறந்தாலும் இனி எந்தக் காலத்திலும் அவனுக்குத் தண்ணீர் இல்லை. தக்காளி போனால் கீரையாவது போடலாம், வேறு ஏதாவது செய்யலாம். தண்ணீர் இல்லாத குடிலில் என்ன செய்ய முடியும்? யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. கையைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். பக்கத்துக் குடில்காரர், தம்பியோடு தினம் டீ குடிக்கிறவர், அவரும் தூக்கினார்.

மறுநாள் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி வெளியே போயிருந்தான். தம்பி பெண்டாட்டி வாசல் கதவைத் திறந்துவிட்டு, வாங்க என்றும் சொல்லாமல் உள்ளே போய், காலி ட்ரேக்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். இனி எதற்கும் பயன்படாத ட்ரேக்கள்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அது ஏன் உங்க தட்டுல மட்டும் நீந்தலை?"

"சாப்பாடு நிறையப் போட்டுட்டேன்மா. வயிறு நிறைஞ்சா அது நகராது. பட்டினி கிடந்தாதான் நீந்தும்."

தம்பி பெண்டாட்டி கழுவுவதை நிறுத்தினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதான் நீங்களும் கூட்டத்துல உட்கார்ந்துட்டீங்களா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "நான் எழுந்திருச்சுச் சொல்லியிருப்பேன்" என்றாள் தம்பி பெண்டாட்டி. "போன்ல நீங்க சொன்னதை என் காதால கேட்டேன். உங்க தம்பி என் தலையில கை வெச்சுச் சத்தியம் வாங்கிட்டார். அக்கா வேலை போயிடும்னு. எங்க பொழைப்புப் போனது அவருக்குப் பெரிசாத் தெரியல, உங்க வேலை போயிடுமேன்னுதான் கிடந்து தவிச்சார்."

அவள் எழுந்தாள். இந்தத் தடவை யார் சொல்லியும் உட்காரக்கூடாது என்று எழுந்தாள். நேரே தலைவர் வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. வேலை போனால் போகட்டும், பெயர் போனால் போகட்டும், குழாயை அறுக்காமல் இருந்தால் போதும்.

தலைவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள், ஒன்று விடாமல். நிறைசோற்றுத் தட்டு, போன், திற என்று சொன்னது, யாரிடமும் சொல்லாதே என்று வாயைக் கட்டினது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அறிக்கையில நீந்தும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானேம்மா?"

"நான்தான். அது வேற தட்டு. அது அப்புறம் வந்த விடை."

"முதல் தட்டு இருக்கா?"

இல்லை. வேலை முடிந்த தட்டையெல்லாம் ஆட்டோகிளேவ் என்ற ஆவிப் பானையில் வேகவைத்து அழித்துவிடுவது விதி. அந்த விதியை மட்டும் அவள் சரியாகப் பின்பற்றியிருந்தாள்.

"திரும்பவும் செஞ்சு காட்டறேன்" என்றாள். "உங்க கண்ணு முன்னாடியே. சாப்பாடு போட்டா உட்காரும், எடுத்தா நீந்தும்."

"காட்டுவீங்க, நம்பறேன். அதனால நீங்க அன்னிக்குப் போன்ல அப்படிச் சொன்னீங்கன்னு ஆயிடுமாம்மா?"

"தம்பி பெண்டாட்டியைக் கேளுங்க. அவ கேட்டா."

தலைவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க புருஷனுக்காக அவங்க சொல்லத்தான் செய்வாங்க. கூட்டத்துல எழுந்தீங்களே, அப்ப சொல்லியிருந்தா, சத்தியமா சொல்றேன், நம்பியிருப்பேன். இப்ப தண்டனை முடிவானப்புறம் வந்து, பழியெல்லாம் என் தலையில போடுங்கன்னா என்னம்மா அர்த்தம்?" அவர் கைகூப்பினார். "நல்ல அக்கா. தம்பிக்காகத் தன் வேலையையே விடத் துணிஞ்சு வந்திருக்கீங்க. எல்லாருக்கும் இப்படி ஒரு அக்கா கிடைக்கணும்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அழுதாள், கத்தினாள். அழ அழ அவருக்கு அவள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

சரிவில் இறங்கி வந்தபோது குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு ரம்பத்தை வைத்து இரண்டு பேர் முறை மாற்றி முறை இழுத்தார்கள். குழாய் ஆடி ஆடி ரம்பம் வழுக்கியது. தம்பிதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், தன் குழாயை. பக்கத்துக் குடில்காரரின் இணைப்பு விட்டுப்போகாமல் நேராக அறுபட வேண்டுமே என்று.

அவள் வந்து நின்ற நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எங்கே போய்விட்டு வருகிறாள், என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அறுந்த குழாயிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் கால்களை நனைத்துக்கொண்டு கீழே ஓடியது.

"வெயில்ல நிக்காதே" என்றான். "சாப்பிட்டியாக்கா?"